அம்பாரியில் மாட்டிக்கொண்ட ஆலோசகர்

கஜானாவில் எலி ஓடினால் எதிரொலிக்கும். அப்படிக் காலியாகிப் போன ராஜ்யம் அது. ராஜா கடல் தாண்டிப் போய்க் கடன் வாங்கினார். கடனோடு பூவராகராயர் என்ற ஆலோசகரும் வந்து இறங்கினார்.

"உழைக்கிறவர்களுக்கு இனி அரிசி பாதி. வேலை மட்டும் முழுசு!" என்றார் ராயர். அரண்மனை யானை சிவகாமிக்கும் தீனி பாதியானது.

தன் திட்டத்தைக் கொண்டாட ராயர் வெள்ளி அம்பாரியில் ஊர்வலம் கிளம்பினார். பாகன் சொரிமுத்து சொன்னதும் யானை மண்டியிட்டு அவரை ஏற்றிக்கொண்டது. கடைவீதியைச் சுற்றிவிட்டு, ராஜா காத்திருந்த அரண்மனை வாசலுக்கு வந்தது. அங்கே மண்டியிடவில்லை.

"டேய், இறக்குடா!"

"பாதித் தீனிக்கு ஏத்தியாச்சு எசமான். இறக்கிவிட மீதித் தீனி வேணுமே," என்றான் சொரிமுத்து. குரலில் துளி நடுக்கம் இல்லை. ஆள் அப்படி!

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. ராயர் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"அரை வயிற்றோடு முழு வேலை எப்படியய்யா நடக்கும்? களஞ்சியத்தைத் திறந்து முழுசாக அளந்து போடுங்கள்!" என்று கத்தினார்.

ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் முழுக்க அதைக் கேட்டது. சுமைகூலிகளும் தெருக்கூட்டுகிறவர்களும் சாக்கை எடுத்துக்கொண்டு களஞ்சிய வாசலுக்கு ஓடினார்கள். "ராயர் உத்தரவு! முழுசா அளங்க!"

ராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. "அப்போ கடன் தவணையை எதை வைத்துடா கட்டுவது?"

சொரிமுத்து யானையின் முதுகை அண்ணாந்து பார்த்தான்.

"முதல்ல ராயர் இறங்கட்டும் மகாராஜா. அவர் உட்கார்ந்திருக்கிறது அத்தனையும் வெள்ளி."