நாற்பத்தொன்றாவது குழி

"எனக்குப் படிக்க வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை," என்றான் கொற்றன். "முத்திரை வைத்து அனுப்பிவிடுங்கள்."

நில அளவைக் கல்விச்சாலையின் தலைமை ஆசிரியை வேண்மாள் ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. எதிரே நின்றவனுக்கு நாற்பத்திரண்டு.

அது படைத்தலைவர் கொடுத்த ஓலை. கொற்றன் வடக்குக் கணவாயில் பதினாறு வருடம் காவல் இருந்தவன், ஒரு நாளும் தவறாதவன் என்று அதில் எழுதியிருந்தது.

அரசாணையும் அவன் கையில் இருந்தது. நான்கு வருடப் படைவேலையை ஒரு வருடப் படிப்பாகக் கழித்துக்கொள்ளலாம், ஆசிரியர் சம்மதித்தால். அந்தக் கல்விச்சாலையில் படிப்பு நான்கு வருடம்.

"பதினாறை நான்கால் வகுத்தால் நான்கு," என்றான் கொற்றன்.

"வகுக்கத் தெரிகிறது," என்றாள் வேண்மாள்.

அவன் சிரிக்கவில்லை.

"என்ன அவசரம்?" என்று கேட்டாள்.

"என் ஊரில் அளவையாளர் வேலை காலியாக இருக்கிறது. அறுவடைக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பாதி ஆயுசை மலை உச்சியில் கழித்துவிட்டேன், அம்மையே. இனியாவது சொந்த ஊரில் இருக்க வேண்டும்."

வேண்மாள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். "அந்தப் புளியமரம் எவ்வளவு தூரம்?"

கொற்றன் ஒரு கண்ணை மூடித் திறந்தான். "நூற்றுப் பன்னிரண்டு கோல்."

மாணவர் இருவர் கயிறு பிடித்து அளந்து வந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டரை என்றார்கள்.

"கயிறு நனைந்திருக்கும்," என்றான் கொற்றன். "நனைந்தால் சுருங்கும்."

வேண்மாள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.

"காவல் இருந்த இடத்தை வரைந்து காட்டுங்கள்," என்றாள்.

ஒரு துணியை விரித்துக் கொடுத்தார்கள். கொற்றன் சம்மணமிட்டு உட்கார்ந்து வரைந்தான். ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. உச்சிப்பொழுதுக்குள் கணவாய் முழுதும் துணியில் வந்துவிட்டது. மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

வேண்மாள் குனிந்து பார்த்தாள்.

"இந்த முகடு?"

"அங்கிருந்து அம்பு விட்டால் இரண்டு பக்கமும் எட்டும்."

"இந்தப் புதர்?"

"பத்துப் பேர் ஒளியலாம்."

"இது?"

"மூன்றாம் எண் நீர்நிலை. ஓர் ஊற்று. எதிரி வந்தால் அங்கேதான் தண்ணீர் குடித்தாக வேண்டும். அதனால் அதற்குப் போகிற வழியை மறித்துவிட்டோம்."

"இந்தப் புள்ளிகள்தான் மறிப்பா?"

"குழிகள். உள்ளே கூர்முளை நட்டு, மேலே தழை மூடியிருக்கும். மொத்தம் நாற்பத்தொன்று. காவலுக்கு வந்த முதல் மாதமே தோண்டியவை. தோண்டியது என் ஆட்கள். இடம் குறித்தது நான்."

"எதிரி விழுந்தானா?"

"எதிரி அந்தப் பக்கம் வரவே இல்லை. சமாதானமாகி இரண்டு வருடம் ஆகிறது. படை இறங்கிவிட்டது."

"அங்கே மனிதர்கள் யாரும் இல்லையா?"

"கீழே ஒரு ஊர் இருக்கிறது. அவர்களோடு எங்களுக்குப் பேச்சு வார்த்தை கிடையாது."

"படத்தில் அந்த ஊரைக் காணோமே."

"இந்தப் படத்துக்கு அது தேவைப்படவில்லை."

வேண்மாள் நிமிர்ந்தாள். "மூன்று வருடம் கழித்துக்கொள்கிறேன். மனதார. இங்கே மூன்று வருடம் படித்தவர்களால் இப்படி வரைய முடியாது."

"நான்காவது?"

"படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கப் போகிறவருக்காக வரைவது. அதுதான் நான்காம் ஆண்டு. இதே இடத்தை, தண்ணீருக்குப் போகிற ஒரு பெண்ணுக்காக வரையுங்கள். சரியாக வந்தால் அதையும் கழித்துவிடலாம்."

கொற்றனுக்குக் கோபம் வந்தது. இன்னொரு அரை நாள் வேலை, தொலையட்டும் என்று உட்கார்ந்தான்.

மூன்று நாள் ஆயிற்று.

தெரியாமல் தாமதமாகவில்லை. எல்லாம் தெரிந்திருந்தது, அதனால்தான் தாமதம். கீழூர்ப் பெண்கள் எந்தப் பாறையில் குடத்தை இறக்கி மூச்சு வாங்குவார்கள், எந்த வளைவில் வயதானவர்கள் கை ஊன்றுவார்கள், மழைக்காலத்தில் எந்த இடம் வழுக்கும். காலையில் பதினொரு பெண்கள், மூவர் இடுப்பில் குழந்தை. வேவு அறிக்கையில் தினமும் எழுதியவன் அவன்தான்.

வழியை வரையும்போது கை நின்றது.

அவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். விடியலில் கிளம்பினால் வெயில் ஏறித்தான் திரும்புவார்கள். மெதுவாக நடக்கிற ஜனங்கள் என்று அவன் நினைத்திருந்தான். நேர்வழி என்று ஒன்று இருந்தது. ஊரிலிருந்து ஊற்றுக்கு அறுபது கோல். அதில்தான் குழிகள்.

நான்காம் நாள் துணியை எடுத்துப் போய் வேண்மாள் முன்னால் வைத்தான்.

அவள் பார்க்கவில்லை. "நான் அங்கே தண்ணீர் எடுப்பதில்லை. எடுப்பவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லட்டும்."

"அங்கே போக ஆறு நாள் ஆகும். வர ஆறு நாள்."

"ஆமாம்."

"அறுவடை தொடங்கிவிடும்."

"ஆமாம்," என்றாள் வேண்மாள். "கட்டாயம் இல்லை. நான்காம் ஆண்டை இங்கேயே உட்கார்ந்தும் படிக்கலாம்."

கொற்றன் துணியைச் சுருட்டினான். வாசலில் சற்று நேரம் நின்றான். தெற்கே போனால் அவன் ஊர். வடக்கே நடந்தான்.

*

கீழூரில் முதல் வீட்டு முன்னால் ஒரு பெண் தினையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் நீலி என்று பிறகு தெரிந்தது.

அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மேல்பாறைக்காரர்தானே நீங்கள்?"

"எப்படித் தெரியும்?"

"இத்தனை வருடம் பார்த்திருக்கிறோமே. மத்தியானத்தில் ஈட்டியில் சாய்ந்து தூங்குவீர்கள்."

படைத்தலைவருக்குத் தெரியாத விஷயம் அது. கொற்றன் துணியை விரித்தான்.

நீலி படம் பார்த்துப் பழகியவள் இல்லை. ஆனாலும் குடம் இறக்கும் பாறையை அவன் காட்டியதும் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் வழியோடு நடந்தது. புள்ளிகள் வந்ததும் நின்றது.

"குழிகளா?"

"ஆமாம்."

"இது எங்களுக்குத் தெரியும். ஆடு விழுந்தது. இது காட்டுப்பன்றி. இதுவும் ஆடு. இது..." விரலை எடுத்தாள். "இது என் தம்பி."

அவள் அவனைப் பார்க்கவில்லை. விரலை மறுபடியும் வைத்தாள். ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"தெரிந்தும் ஏன் தூர்க்கவில்லை?" என்று கேட்டான்.

"இன்னும் எத்தனை இருக்கிறது என்று தெரியாமல் யார் அதற்குள் கால் வைப்பார்கள்? கம்பால் குத்திக் குத்தி நாற்பது கண்டோம். அதோடு பயந்து விட்டுவிட்டோம்."

"நாற்பத்தொன்று."

"நாற்பது."

அவன் துணியில் ஓர் இடத்தைத் தொட்டான். ஊற்றுக்கு மேற்கே, நாணல் திட்டின் நடுவில்.

நீலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வருடம் நாணல் நன்றாக வளர்ந்திருக்கிறது. கூரைக்கு அறுக்கலாம் என்று இருந்தோம்," என்றாள். "அறுப்பு என்றால் பிள்ளைகளும் வருவார்கள்."

கொற்றன் எழுந்தான். "மண்வெட்டி இருக்கிறதா?"

பதினொரு நாள் வேலை. கொற்றன் முன்னால் போய் இடத்தைக் காட்டுவான், முளைகளைப் பிடுங்குவான். பின்னால் ஊரார் மண் கொண்டுவந்து கொட்டுவார்கள். முதல் இரண்டு நாள் யாரும் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் கூழ் கொடுத்தார். நீலியின் தம்பி விழுந்த குழி வந்ததும், அவன் கேட்காமலே மற்றவர்கள் விலகி நின்றார்கள். அதை அவனும் நீலியும் மட்டும் தூர்த்தார்கள்.

நாற்பத்தொன்றாவதும் மூடிய பிறகு நீலி குடத்தை எடுத்துக்கொண்டு நேர்வழியில் நடந்தாள். ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். திரும்பும்போது அப்படி வைக்கவில்லை.

குடத்தை இறக்கிவிட்டு வானத்தைப் பார்த்தாள். "இன்னும் பொழுது இவ்வளவு இருக்கிறதே," என்றாள். என்ன செய்வது என்று தெரியாதவள்போல நின்றாள்.

கொற்றன் துணியை எடுத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தான்.

"படம் சரியா?" என்று கேட்டான்.

"ஊற்றுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறதே."

"மூன்றாம் எண் நீர்நிலை."

"அப்படி ஒரு இடம் இங்கே கிடையாது. அதன் பெயர் கிளிச்சுனை."

அதையும் அழித்துவிட்டு எழுதினான்.

*

அவன் கல்விச்சாலைக்குத் திரும்பியபோது அறுவடை முடிந்து வயல்களில் தாள் மட்டும் நின்றது.

"உங்கள் ஊரிலிருந்து ஓலை வந்தது," என்றாள் வேண்மாள். "வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம்."

"போட்டிருப்பார்கள்."

அவள் துணியை விரித்தாள். ஊர் இருந்தது. வழி இருந்தது. கிளிச்சுனை இருந்தது. அழித்த இடங்களில் நாற்பத்தொரு கறைகள் லேசாகத் தெரிந்தன.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு மையைத் தொட்டு முத்திரை வைத்தாள்.

"நான்கு வருடமும் கழிந்தது. எந்த ஊரிலும் உங்களுக்கு வேலை கொடுப்பார்கள். போய் வாருங்கள்."

கொற்றன் போகவில்லை.

"என்ன?" என்றாள்.

"வரும் வழியில் இன்னொரு கணவாயைப் பார்த்தேன். அங்கேயும் பெண்கள் சுற்றிக்கொண்டுதான் தண்ணீருக்குப் போகிறார்கள். அங்கே நான் காவல் இருந்ததில்லை. குழிகள் எங்கே என்று கேட்க, யார் இருந்தார்கள் என்றும் தெரியவில்லை."

வேண்மாள் மைக்கூட்டை மூடினாள்.

"பார்த்த இடத்தை வரைந்துவிட்டேன், அம்மையே. பார்க்காத இடத்தை எப்படி வரைவது?"

"அது முதலாம் ஆண்டுப் பாடம்," என்றாள் வேண்மாள்.