மஞ்சள் குடையும் வெள்ளைக் கோபுரமும்

அந்தக் கடலோர வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏழு பழைய கிறிஸ்தவக் கோயில்களும் மூன்று கடற்கரைகளும் உண்டு. அத்தனையையும் ஒரே பகலில் காட்டி, வந்தவர்களை முகம் வாடாமல் பஸ் ஏற்றிவிடுவதில் மெற்றில்டாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தன்னிடம் தொழில் பழகுகிறவர் தேறிவிட்டால் ஒரு மஞ்சள் குடை கொடுப்பாள். கூட்டம் அந்தக் குடையைப் பார்த்துத்தான் பின்னால் நடக்கும்.

கஸ்பார் சாருக்கு இன்னும் குடை கிடைக்கவில்லை. முப்பது வருஷம் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். மெற்றில்டாவே அவரிடம் படித்தவள்தான். வகுப்பில் 'நீ' என்று அழைத்தவளை இப்போது 'நீங்க' என்கிறார். அவள் இன்னும் 'சார்' என்கிறாள்.

போன வாரம் ஒரு கூட்டத்தை அவரை நம்பி விட்டாள். சூசையப்பர் கோயிலுக்கு மணி வந்த கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் பெஞ்சிலேயே தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் நுங்கு தின்னப் போய்விட்டார்கள். சாருக்கு அவமானம் தாங்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு மெற்றில்டாவிடமே போய்க் கேட்டார்.

"நாளைக்கு நாப்பது பேரு வாறாங்க. எனக்குக் குடை உண்டா, இல்லையா? இல்லன்னா சொல்லிருங்க, வீட்டுல இருந்துக்கிடுதேன்."

"சார், நீங்க கடலுக்குள்ள போயிருக்கீங்களா?"

"எங்கப்பா விட்டதே இல்ல. மீன் வாடை என்னோட போகட்டும்னு சொல்லி, எல்லாரும் கேலி பண்ணப் பண்ண, அவரு என்னைய பள்ளிக்கூடத்துக்கு வெரட்டுனாரு."

"அப்ப வாங்க."

மீன்பிடிக்கும் தொபியாஸ் அண்ணனின் வள்ளத்தில் ஏறினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. கரையின் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. முதலில் ஐஸ்காரனின் மணி, அப்புறம் நாய்கள், கடைசியாக அலை. கொஞ்ச நேரத்தில் ஊர் வெறும் ஒரு கோடு ஆகிவிட்டது. அதன் மேல் புகைபோல மூடாக்கு இறங்கியிருந்தது. அதற்குள் வெள்ளை வெள்ளையாக ஏதேதோ மிதந்தன. சார் தூக்கத்தில் இருப்பவரைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எது சார் நம்ம சூசையப்பர் கோயில்?" மெற்றில்டா கேட்டாள்.

ஏழு கோயில்களின் நீளம், அகலம், கட்டிய வருஷம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். விரலை நீட்டினார்.

தொபியாஸ் அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது தண்ணி டேங்க் சார்."

சார் விரலை மடக்கிக்கொண்டார்.

"அந்தா, செம்மணல் தேரிமேட்டுக்கு எடப்பக்கம் பாருங்க. கோபுரமும் ஒத்தப் பனையும் ஒண்ணாச் சேர்ந்துதுன்னா அடியில பாறை, வலை போடக் கூடாது. கோபுரம் மேட்டுக்கு நடுவுல வந்து நின்னா நேரா வீடு. இதத்தான் நாங்க கணியம்னு சொல்லுவோம். எனக்கு இதச் சொல்லித் தந்ததே உங்கப்பாருதான்."

அப்பா கடலிலிருந்து ஒவ்வொரு நாளும் பார்த்த கோயில் இது. இத்தனை வருஷம் அதற்குள்ளேயே நின்று அளந்தவருக்கு இது தெரியவே இல்லை. அவருக்கு அழுகை வந்தது. வள்ளம் திரும்பும்வரை அழுதார். மற்ற இருவரும் கண்டுகொள்ளாததுபோல் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கரையில் இறங்கியதும் அவர் குடையைப் பற்றிக் கேட்கவில்லை.

"நாளைக்கு அவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

மெற்றில்டா தன் கையிலிருந்த மஞ்சள் குடையையே அவரிடம் கொடுத்தாள்.

"மணிக் கதையவே சொல்லுங்க சார், நல்ல கதைதான். கொஞ்சம் சுருக்கிச் சொல்லுங்க. முடிச்சதும் எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து, கடலப் பாக்க நின்னு, குடைய விரிச்சு ஒசத்திப் பிடிங்க."

"கூட்டம் பின்னால வாறதுக்கா?"

"இல்ல சார். அந்நேரம் தொபியாஸ் அண்ணன் கடல்ல இருந்து நம்ம கோயிலத்தான் கணியம் பாத்துக்கிட்டு இருப்பாரு."