செம்மறியின் காதில் விழுந்த திருநாள்

ஆடும் ஆளும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஸ்பெயின் நாட்டு மலையூர் ஒன்றில் மென்சியா என்ற பெண் ஆடு மேய்த்து வந்தாள்.

அந்த வருஷம் பனி விலகவே இல்லை. வைக்கோல் தீர்ந்துவிட்டது. பட்டியில் குட்டிகள் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தன. பட்டினியில் சாவதற்குப் பதில் திருநாள் முடிந்ததும் மந்தையை அறுத்துவிடலாம் என்று அவள் அண்ணன் லோப்பே சொல்லிவிட்டான்.

இயேசு உயிர்த்தெழுந்த திருநாள் அது. யூதர்களின் விடுதலைத் திருநாளைக் குறிக்கும் ‘பெசாக்’ என்ற சொல் கடல் கடந்து வந்து அந்த ஊர்க் கோயிலில் ‘பாஸ்கா’ ஆகியிருந்தது. அன்று விடிந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மதில்மேல் ஏறி, “பாஸ்கா! பாஸ்கா!” என்று கூவினார்.

பட்டியில் படுத்திருந்த மூத்த செம்மறி சடாரென்று எழுந்தது.

“பாஸ்குவா என்கிறாரே, கேட்கவில்லையா? படலைத் திற.”

மேய்ச்சல் நிலத்துக்கு அந்த ஊரில் பாஸ்குவா என்று பெயர். அவர் சொன்னது திருநாளை என்று மென்சியா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். செம்மறி கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் புல் வந்துவிட்டது, அதைத்தான் சொல்கிறார் என்று சாதித்தது.

புல் இல்லாவிட்டால் மந்தை மொத்தமும் பனியிலேயே செத்துவிழும். ஆனால் இங்கேயும் கத்திதானே காத்திருக்கிறது? மென்சியா படலின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

நடக்க முடியாத குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். உச்சியை நெருங்கும்போது காற்றில் ஈரமண் வாசனை அடித்தது. செம்மறி ஓட்டம் பிடித்தது. மந்தையே ஓடியது. மென்சியாவும் மூச்சிரைக்க ஓடினாள். அந்தப் பக்கம் சரிவு முழுக்கப் பச்சை!

பூசை முடிந்து, கோபத்தோடு தடம்பிடித்து வந்த லோப்பே உச்சியில் அப்படியே நின்றான். கீழே குட்டிகள் வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. அவன் தொப்பியை வானத்தில் வீசி, “பாஸ்குவா!” என்று கத்தினான். பின்னால் வந்த ஊரும் சேர்ந்து கத்தியது.

கோயிலில் சொல்வது பாஸ்கா என்று திருத்த வாயெடுத்தார் ஊரோடு வந்திருந்த பாதிரியார். அதற்குள் ஒரு குட்டி அவர் அங்கியில் வந்து முட்டியது. அதைத் தூக்கி அணைத்துக்கொண்டு, “பாஸ்குவாதான்” என்றார்.

ஸ்பானியர் உயிர்ப்புத் திருநாளை மேய்ச்சல் நிலத்தின் பெயர்சொல்லிப் ‘பாஸ்குவா’ என்று அழைப்பது அன்று முதல்தான்.