திரை பிடிக்க ஆளில்லாத கூத்து

சேற்றுக்குட்டை என்ற இடத்தில் ஓர் எருமை, ஒரு பன்றி, ஒரு கழுதை, ஓர் ஆமை, அப்புறம் எண்ணி முடியாத தவளைகள் வாழ்ந்தன. ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை.

சண்டைக்குக் காரணம் தண்ணீர். குட்டையைக் கலக்குவது பன்றிதான் என்றது எருமை. எருமைதான் என்றது பன்றி. இரண்டுமேதான் என்று தவளைகள் கத்தின. தவளைகளின் கத்தல் தாங்கவில்லை என்று கழுதை கத்தியது.

இதற்கிடையில் குட்டையின் கரை ஓரிடத்தில் உடைந்திருந்தது. எப்படி உடைந்தது என்று யாரும் வாய் திறக்கவில்லை. போன மழையின் தண்ணீரெல்லாம் அந்த உடைப்பு வழியாகவே ஓடிவிட்டது. மற்றவற்றுக்கு அதில் பெரிய கவலையில்லை. குட்டை வற்றினால் மலைக்கு அந்தப் பக்கம் ஏரி இருக்கிறது, போய்விடலாம். ஆமையால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. இந்த மழையும் ஓடிவிட்டால் அடுத்த கோடையில் அது வழியிலேயே காய்ந்து செத்துப்போகும்.

ஆமை எருமையிடம் போனது.

“எருமை அண்ணே, கரையை அடைக்கணும். ஒரு நாள் வந்து உதவுங்க.”

“அந்தப் பன்றி வருதா?”

“வரச் சொல்லியிருக்கேன்.”

“அப்ப நான் வரலை. எனக்குக் கால் வலி.”

பன்றியும் இதையே சொன்னது, பெயரை மட்டும் மாற்றி. கழுதையோ தன்னை முதலில் கூப்பிடவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆமை யோசித்தது. அதன் நடையைப் போலத்தான் அதன் யோசனையும். வானத்தில் மேகம் கூடும்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தது. கூத்துக்காவது எல்லாம் ஒன்றுகூடுமே என்பது அதன் கணக்கு.

“கூத்துப் போடலாம்” என்றது.

உடனே எல்லாம் ஓடிவந்தன. கூத்து என்றால் வேஷம் உண்டே! எருமையின் கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

“எனக்கு ராஜா வேஷம்” என்றது எருமை.

“எனக்கும் அதுதான்” என்றது பன்றி.

“பாட்டு வருகிறவன்தான் ராஜா” என்றது கழுதை. தவளைகள் கூடிப் பேசி, தங்கள் எல்லாருக்குமே ராஜா வேஷம் வேண்டும் என்றன.

மந்திரிக்கு ஆளில்லை. சேவகனுக்கு ஆளில்லை. ராஜாவைக் கும்பிடக்கூட ஆளில்லை. இதைச் சொல்கிற எனக்குச் சிரிக்க யோக்கியதை கிடையாது. என்னைக் கேட்டிருந்தால் நானும் ராஜா வேஷம்தான் கேட்டிருப்பேன், என் குரலுக்குக் கழுதையே தேவலை என்றபோதும்.

“சரி, எல்லாரும் ராஜா. நான் கட்டியக்காரன்” என்றது ஆமை. கட்டியக்காரன் என்றால் கூத்தில் வரும் கோமாளி. ராஜாவையே கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் கூத்தில் ராஜா சும்மா நடந்து வந்துவிட மாட்டார். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் திரை பிடிக்க வேண்டும். ராஜா அதன் பின்னால் நின்று ஆடி, அப்புறம்தான் முகம் காட்டுவார். கழுதை எங்கிருந்தோ ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்தது. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. வேட்டி இருந்தது, பிடிக்கத்தான் ஆளில்லை.

“ராஜா போய்த் திரை பிடிப்பாரா?” என்றது எருமை.

“பிடிக்காட்டி யாருமே உள்ளே வர முடியாதே அண்ணே. கழுதை வர்றப்ப நீங்களும் பன்றியும் பிடிங்க. நீங்க வர்றப்ப அவங்க பிடிப்பாங்க.”

வேறு வழியில்லை. ஒத்திகையில் எருமை ஒரு முனையைக் கொம்பில் மாட்டிக்கொண்டது. பன்றி மறு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டது.

“கொஞ்சம் தூக்கிப் பிடி. கழுதையோட கால் தெரியுது” என்றது எருமை. வெகுகாலம் கழித்து அது பன்றியிடம் பேசிய முதல் பேச்சு அது.

“நீங்க தாழ்த்திப் பிடிச்சா காது தெரியுது” என்றது பன்றி, பல்லைக் கடித்தபடியே.

சாயங்காலம் கூத்து தொடங்கியது. பக்கத்துக் காட்டு ஆடுகளும் கொக்குகளும் பார்க்க வந்தன. முதலில் பன்றி ராஜா திரை விலக்கி வந்தது.

“வாசனை எப்பவோ வந்துடுச்சு, ராஜா இப்பதான் வர்றார்!” என்றது ஆமை.

எருமைதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது. பன்றியின் முகம் தொங்கிப்போயிற்று. “நான் போறேன்” என்றது. உரிமை இருக்கிறது என்பதற்காகக் கேலி வலிக்காமல் போகுமா? ஆமை பன்றியின் வழியை மறித்தது. கூத்து கலைந்தால் கரையும் போச்சு, ஆமையின் உயிரும் போச்சு.

“இரு தம்பி. தப்புதான். என் பெருமையையும் கேட்டுட்டுப் போ” என்றது. “ஆபத்து வந்தா நான் தலையை ஓட்டுக்குள்ள இழுத்துக்குவேன். உள்ளே ஒண்ணும் தெரியாது. ஆபத்து என்னைப் பார்த்துப் பயந்து ஓடிடுச்சுன்னு நெனச்சுக்குவேன். இப்படித்தான் கரை உடைஞ்சப்பவும் வீரமா உள்ளே இருந்தேன்.”

ஆடுகள் சிரித்தன. பன்றிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது திரும்பி வந்து நடுவில் நின்றது.

“நான் நோண்டல் ராஜா” என்றது. “கரைக்குள்ள கிழங்கு இருக்கும்னு நோண்டினேன். கிழங்கு வரலை, தண்ணிதான் வந்துச்சு.”



“கரையை உடைச்சது நீயா?” என்றது எருமை.

“நான்தான்.”

இனி அடிதடிதான் என்று எல்லாம் ஒதுங்கின. எருமை மெல்ல முன்னால் வந்தது.

“நான் கலக்கல் ராஜா” என்றது. “தினமும் காலையில குட்டையில இறங்கிப் புரளுவேன். எழுந்து பார்த்தா தண்ணி கலங்கியிருக்கும். உடனே பழியைப் பன்றி மேல போட்டுடுவேன்.”

தவளைகள் சிரித்து உருண்டன. கழுதையும் விடவில்லை. “நான் பாடினா சபையே எழுந்து நிற்கும். மரியாதைன்னு நெனச்சேன். எல்லாம் வீட்டுக்குப் போறதுக்காம்.”

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் மழை கொட்டியது. குட்டை மளமளவென்று நிரம்பி, தண்ணீர் உடைப்பை நோக்கி ஓடியது. யாரும் கூப்பிடவில்லை. எல்லாம் ஓடின. எருமை உடைப்பின் குறுக்கே படுத்துக்கொண்டது. பன்றி மண்ணைக் கிளறித் தள்ளியது, கழுதை அதை மிதித்து இறுக்கியது. தவளைகள் ஒழுகும் இடங்களைச் சத்தம் போட்டுக் காட்டின.

“மகாராஜா, கொஞ்சம் நகர்ந்து படுங்க!”

“நோண்டல் ராஜா, இன்னும் மண்ணு போடுங்க. உங்களுக்குத்தான் பழக்கம்!”

இப்போது யாருக்கும் வலிக்கவில்லை.

மழை விட்டபோது குட்டை ததும்பி நின்றது. ஆமை தண்ணீரில் இறங்கி நடுவரைக்கும் நீந்திப் போனது. அதற்கு அழுகை வந்தது. தண்ணீரில் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

“அடுத்த கூத்துல எனக்குத்தான் ராஜா வேஷம்” என்றது.

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நீதி: அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிற ஊர் பிரிந்து கிடக்கும், தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ள ஒரு கூத்து வைத்திருக்கிற ஊர், கரை உடைகிற நாளில் கூப்பிடாமலே ஒன்றுகூடும்.