பெயரில்லாத இரண்டு கட்டுகள்

"ஏழு பதிப்பகத்துக்கு அனுப்பிட்டேன் அம்மணி. போர்வெல் குழியில கல்லைப் போட்டாக்கூட ஒரு சத்தம் வருமுங்க. இதுல அதுவும் இல்லை."

செங்கோடன் இதைச் சொன்னபோது தமயந்தி தலையை நிமிர்த்தவில்லை. ஈரோட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது அந்த அறை. சிவப்புப் பேனாவோடு யாருடைய புத்தகத்திலோ விட்டுப்போன ஒற்றெழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. ஐந்து சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது அவர் தொழில். அச்சேறாத கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு வழி தெரியாமல் நிற்பவர்கள் எப்படியோ விசாரித்து அந்தப் படிகளில் ஏறி வந்துவிடுவார்கள். பெரியவர்களும் வருவார்கள். வந்தவர்கள் அவர் சொல்வதைக் கேட்பார்கள்.

செங்கோடனுக்கு அறுபத்தொன்று. திருச்செங்கோட்டுக்காரர். இருபத்தாறு வருஷம் போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகப் போய்த் துளை போட்டவர். அந்த வண்டியில் இருந்த ஆறு பேரை வைத்து ஒன்பது வருஷமாக ஒரு நாவல் எழுதியிருந்தார். முந்நூற்றுப் பத்துப் பக்கம். லாரி டியூபில் வெட்டிய கறுப்பு ரப்பர் பட்டையைப் போட்டு இறுக்கி, துணிப்பையில் வைத்திருந்தார்.

எட்டாவதாக ஒரு இடம் சொல்லச் சொன்னார். அதுவும் போய்விட்டால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கப் போவதாகவும் சொன்னார்.

கூடவே என்ன கடிதம் எழுதி அனுப்பினீர்கள் என்று தமயந்தி கேட்டார்.

செங்கோடனுக்கு அது மனப்பாடம். ஒப்பித்தார். எட்டாம் வகுப்புப் படிப்பு. இருபத்தாறு வருஷ அனுபவம். பதினொரு மாநிலம். அதிகபட்சம் ஆயிரத்து நானூறு அடி. ஒன்பது வருஷ உழைப்பு. தாரமங்கலத்தில் ஒரு தலைமையாசிரியர் படித்துவிட்டுப் பாராட்டியது. கடைசியில், தங்கள் நல்லாதரவை நாடும்.

தமயந்தி பேனாவை மூடினார்.

"நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. போர்வெல் வண்டிக்கு ஆள் எடுத்தா உங்களைத்தான் எடுக்கோணும்."

செங்கோடனின் முகம் சுருங்கியது.

தமயந்தி துணிப்பையை வாங்கி, ரப்பர் பட்டையைக் கழற்றி, பெயரும் முகவரியும் இருந்த முதல் பக்கத்தை மட்டும் உருவி மேசை இழுப்பறையில் போட்டார். பட்டையைத் திரும்ப மாட்டினார். பிறகு அலமாரியிலிருந்து வேறொரு கட்டை எடுத்தார். ஊதா நாடாவால் கட்டியிருந்தது. அதிலும் முதல் பக்கம் இல்லை.

இதை மூன்று முறை படியுங்கள் என்றார். படித்துவிட்டுச் சேலத்தில் குணாளன் என்று ஒரு பதிப்பாளர் இருக்கிறார், சிறிய பதிப்பகம், அவரிடம் நேரில் கொண்டுபோய் இதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

"அப்ப என்னோடது?"

"இங்க யாரும் அவங்கவங்க கட்டை அவங்களே தூக்கிட்டுப் போறதில்லீங்கண்ணா."

"பின்ன அதை யாரு தூக்குவா?"

கீழே மில் ஓடத் தொடங்கியது. மேசை அதிர்ந்தது. தமயந்தி மறுபடியும் ஒற்றெழுத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை. பெண் பார்க்கப் போனவன் கையில் அடுத்தவன் ஜாதகத்தைக் கொடுத்து அனுப்பியதுபோல இருக்கிறதே என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமே சொன்னார். அவர் என்ன ஏது என்று தெரியாமல், பொருத்தம் பார்த்துக் கொள்ளுங்கள் என்றார்.

முதல் முறை பிழை கண்டுபிடிக்கவே படித்தார். நிறையக் கிடைத்தது.

இரண்டாம் முறை பிழைகள் கண்ணில் படவில்லை.

மூன்றாம் முறை படிக்கும்போது பால் பொங்கி அடுப்பு அணைந்ததை வாடையில்தான் தெரிந்துகொண்டார்.

ஆனாலும் சேலத்துக்குப் போகும் அன்று தன் பழைய கடிதத்தின் நகல் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. தன்னுடையதைப் பற்றி இருபது வார்த்தை. வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு அச்சகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. வருஷத்துக்கு எட்டுப் புத்தகம் போடும் பதிப்பகம் அவ்வளவுதான். குணாளன் தரையில் உட்கார்ந்து பார்சல்களுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"அஞ்சு நிமிஷம் இருக்குது. கூரியர்காரர் வந்துடுவாரு. சொல்லுங்க."

செங்கோடன் கட்டை மடியில் வைத்துக்கொண்டார். சொல்லிப் பார்த்த இரண்டு வார்த்தையும் மறந்துபோயிருந்தது.

"ஒரு அங்கன்வாடி டீச்சருங்க. இருபத்திரண்டு வருஷமா பிள்ளைகளை எடை போட்டவங்க. துணியில உக்கார வெச்சுத் தராசுல தொங்க விடுவாங்க. பிள்ளை அழுது உதைச்சா முள் நிக்காதுங்க. நிக்கறதுக்காக ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் ஒரு பொய் சொல்லுவாங்க. அந்தப் பொய்யெல்லாம்தாங்க புத்தகம்."

டேப் கிழிபடும் சத்தம் நின்றது.

"ஒரு பொண்ணு. மூணு வயசு. எட்டரைக் கிலோ. அப்பன் வடக்க லாரி ஓட்டறவன். மேல போனா உங்கப்பன் லாரி தெரியும் கண்ணுன்னு டீச்சர் சொல்லுவாங்க. பிள்ளை அழுகையை நிறுத்திட்டுப் பார்க்கும். முள் நிக்கும். எழுதிக்குவாங்க. அடுத்த மாசம் அந்தப் பிள்ளை யாரும் கூப்பிடாமத் தானா வந்து நிக்குதுங்க. என்னைத் தூக்கி மாட்டுங்க, லாரி பார்க்கோணும்னு."



கூரியர்காரர் வந்தார். குணாளன் ஒட்டிய பார்சல்களை மட்டும் கொடுத்து அனுப்பினார். ஒட்டாதவை தரையிலேயே கிடந்தன.

"யார் எழுதுனது?"

"தெரியாதுங்க. முதல் பக்கம் இல்லை."

குணாளன் சிரித்தார். "தமயந்தி அக்கா அனுப்புனாங்களா? அதானே பார்த்தேன். அதோ, அதுக்கும் முதல் பக்கம் இல்லை."

அவர் காட்டிய இடத்தில், ஜன்னலோர மேசைமேல், பாதி புரட்டிய ஒரு கட்டு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டை சுருண்டு கிடந்தது.

செங்கோடன் அதையே பார்த்தார்.

"காலையில ஒரு அம்மா கொண்டுவந்தாங்க. பவானிக்காரங்க. பேசி முடிச்சதும் வாசல்ல விளையாடிட்டிருந்த என் பொண்ணைத் தூக்கிப் பார்த்துட்டு, பதினொண்ணேகால் கிலோ இருப்பா, இன்னும் கொஞ்சம் ஏறோணும்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்பவே இந்தப் பார்சல் தராசுல போட்டுப் பார்த்தேன். பதினொண்ணேகால்தான்."

செங்கோடன் மடியில் இருந்த ஊதா நாடாவை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"அந்தக் கட்டைப் பத்தி என்னங்க சொன்னாங்க?"

"போர்வெல் வண்டிக்காரங்க ஆறு பேர் கதையாம். எண்ணூறு அடி போடுவாங்க. வெறும் புழுதிதான் வரும். தோட்டத்துக்காரங்க வீட்டுல தண்ணி வந்துடும்னு நம்பி முன்னாடியே சோறாக்கி வெச்சிருப்பாங்க. தண்ணி வரலைன்னாலும் கூப்பிட்டு இலை போட்டுருவாங்க. அதுல எப்படிக் கை வைக்கறதுன்னு தெரியாம ஆறு பேரும் தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்பாங்களாம். முந்நூறு பக்கமும் அந்த இலைக்கு முன்னால உக்காந்திருக்கறதுதாங்கன்னு சொன்னாங்க."

அது எண்பத்தெட்டாம் பக்கத்தில் பாதிப் பக்கம். கதைக்குத் தேவையில்லை என்று இரண்டு முறை அடித்துவிட்டு, மனசு கேட்காமல் திரும்ப எழுதி வைத்திருந்தார். ஏழு கடிதங்களில் ஒன்றில்கூட அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

"அவங்க போனதும் உக்காந்தேன். நூத்தி இருபது பக்கம் ஆச்சு. இன்னிக்கு மத்தியானச் சோறு இல்லை" என்றார் குணாளன். "மிச்சத்தையும் படிச்சுட்டு அக்காகிட்டப் பேர் கேக்கோணும். பேர் தெரியாம அட்டை எப்படிப் போடறது?"

பிறகு கையை நீட்டினார். செங்கோடன் ஊதா நாடாக் கட்டைக் கொடுத்தார். குணாளன் அதைக் கொண்டுபோய் மற்றதன் பக்கத்தில் வைத்தார்.

செங்கோடனின் கை சட்டைப் பைக்குப் போனது. மடித்த கடிதம் விரலில் பட்டது.

"பேச்சைப் பார்த்தா திருச்செங்கோட்டுப் பக்கம் மாதிரித் தெரியுதுங்க, போர்வெல் வண்டிக்காரங்க ஊராச்சே. இதைப் படிச்சிருக்கீங்களா?"

கை வெறுமனே வெளியே வந்தது.

"இல்லீங்க. இனிமேத்தான் படிக்கோணும்."