பீரோவுக்குப் பின்னால் பத்தொன்பதரைச் சதுர அடி

தூத்துக்குடியில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டின் படுக்கையறையில் பன்னிரண்டு அடி நீளமும் பத்தடி உயரமும் கொண்ட ஒரு சுவர் இருந்தது. சுவரை ஒட்டி ஒரு இரும்பு பீரோ நின்றது. பீரோவின் முதுகுக்குப் பின்னால், ஆறரை அடி உயரத்தில் மூன்றடி அகலத்தில், ஒரு சுவர்த்துண்டு இருட்டில் இருந்தது.

துண்டுக்கு நன்றாக எண்ணத் தெரியும். இருட்டில் வேறு என்ன வேலை? முழுச் சுவர் நூற்றிருபது சதுர அடி. அதில் தான் பத்தொன்பதரை. சுவருக்குச் சாயம் பூசி முப்பத்திரண்டு வருடம். அதில் தான் வெளிச்சம் பார்த்தது மூன்று நாள்.

அந்த மூன்று நாளையும் அது பத்திரமாக வைத்திருந்தது. முதல் நாள், கஸ்பார் என்ற புதுமாப்பிள்ளை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெள்ளை டிஸ்டம்பரில் ஏதேதோ சாயத்தைக் கண் அளவாகக் கலந்து தன் கையாலேயே பூசினான். இரண்டாம் நாள், அவன் மனைவி ரெஜினா ஈரம் காயாத சுவரில் தெரியாமல் சாய்ந்துவிட்டாள். அவள் பின்னலில் சாயம் ஒட்டிக்கொண்டது. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூன்றாம் நாள், மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து துண்டின் மேல் சிறிது நேரம் நின்றது. நான்காம் நாள் காலையில், கல்யாணத்துக்கு வந்து சேராமல் ஒரு மாதம் பிந்திப்போன சீர் பீரோ வந்துவிட்டது.

கஸ்பாருக்குக் கப்பலில் சமையல் வேலை. புறப்படும்போது, "அடுத்த லீவுக்கு வந்து இன்னொரு கை சாயம் அடிச்சுத் தாரேன்" என்றான். லீவுக்கு இருபத்தோரு முறை வந்தான். இருபத்தோரு முறையும் அதையே சொன்னான். ரெஜினாவும் வேறு ஆளை வைத்துப் பூசவில்லை. அவர் வந்து அடிப்பார் என்று இருந்துவிட்டாள்.

வெளியே இருந்த பெரிய சுவருக்குத் துண்டைக் கண்டால் இளக்காரம்.

"நான் ஜன்னலைப் பாக்கேன், வெயிலைப் பாக்கேன், வாரவங்க போறவங்களைப் பாக்கேன். நீயும் சுவருன்னு பேரு வச்சுக்கிட்டிருக்கே. இந்த வீட்டுல குடியிருந்தும் வீட்டைப் பாக்காத ஆளு நீ ஒருத்தன்தான்" என்று சொல்லும்.

துண்டு பதில் சொல்லாது. அதற்குக் கூச்சம் அதிகம். பீரோதான் முணுமுணுக்கும்: "அவன் கிடக்கான். பேசிப் பேசியே பல்லு கொட்டுனவன். தினமும் தரையெல்லாம் அவன் உதிர்த்த பொடிதான்."

கஸ்பார் கடைசியாக ஒருநாள் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தார். இனிக் கப்பல் இல்லை. வந்த மறுவாரமே, வீட்டுக்கு வண்ணம் பூசிப் புதுசாக்க வேண்டும் என்று, உள்ளலங்காரம் படித்துவிட்டு வந்த சுபிதா என்ற பெண்ணைக் கூட்டிவந்தார். அவள் ஒரு சுருட்டிய வரைபடத்தோடு வந்தாள். சமையலறைக்கு எலுமிச்சை மஞ்சள், முன்னறைக்கு மாதுளம்பூச் சிவப்பு, நடைக்கு வெந்தய நிறம் என்று கலர் பென்சிலால் தீட்டியிருந்தாள்.

"எத்தனாவது வீடும்மா இது?" என்று ரெஜினா கேட்டாள்.

"முதல் வீடு ஆன்ட்டி."

"பயமா இருக்கா?"

"கொஞ்சம்."

"எங்களுக்கும்தான்" என்றாள் ரெஜினா.

கஸ்பார் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் நல்லா இருக்கு மக்கா. ஆனா முதல்ல இந்தப் படுக்கையறை. நான் அன்னைக்கு அடிச்ச அதே கலர் வரணும். அது சரியா வந்துட்டா, மத்த அறையெல்லாம் உன் இஷ்டம். சனிக்கிழமைக்குள்ள கண்டுபிடி. திங்கக்கிழமை பெயிண்டர் மேஸ்திரி கோயில் வேலைக்குப் போயிருவாரு. முடியலன்னா வீடு முழுக்க வெள்ளையை அடிச்சிட்டுப் போயிருவோம்."

சீலிங்குக்காக வாங்கி மூலையில் வைத்திருந்த வெள்ளை டிஸ்டம்பர் வாளி இதைக் கேட்டு மெல்லத் ததும்பியது.

"எத்தனையோ வீடு பாத்தாச்சு. எல்லாரும் கலர் கலரா ஆரம்பிப்பாங்க. கடைசியில என்கிட்டதான் வந்து நிப்பாங்க" என்றது.

சுபிதாவின் பையிலிருந்து ஷேடு கார்டு விறைப்பாக வெளியே வந்தது. "என்கிட்ட ஆயிரத்து எட்டு நிறம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு. நம்பர் இல்லாத நிறம் உலகத்துலயே கிடையாது. கேளுங்க."

"நீலம்" என்றார் கஸ்பார். "கரையை விட்டு ரெண்டு மணி நேரம் போனா ஒரு நீலம் வரும் பாரு, அது."

"கடலை அங்கயே வச்சுக்கிடுங்க" என்றாள் ரெஜினா. "இது பச்சை. லேசான பச்சை. தினமும் இதுல கண்ணு முழிச்சவ நான். லீவுக்கு வந்து பாத்தவரு எனக்குச் சொல்லுதியளா?"

"அடிச்சவன் நான்லா?"

"அடிச்சிட்டுப் போனவரு நீங்க. கூட இருந்தவ நான்."

சுபிதா இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு பெரிய சுவரில் சாண் அளவுக்குச் சதுரம் சதுரமாகப் பூசிக் காட்ட ஆரம்பித்தாள். வியாழக்கிழமை ஐந்து சதுரம். வெள்ளிக்கிழமை ஒன்பது. கஸ்பார் சரி என்றதை ரெஜினா இல்லை என்றாள். ரெஜினா தலையாட்டியதற்குக் கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினான்கு சதுரமும் தோற்றன.

ஷேடு கார்டு களைத்துப்போய்ப் பெரிய சுவரிடமே கேட்டது: "ஏப்பா, சுவரு நீதானே? உன் நிறம் என்னன்னு உனக்குமா தெரியாது?"

"எனக்கா?" என்றது பெரிய சுவர். உடனே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தது. வரவில்லை. முப்பத்திரண்டு வருட வெயில், உப்புக்காற்று, ரெஜினா துடைத்த ஈரத்துணி. எந்தெந்த நாளில் எவ்வளவு போனது என்று அதற்குத் தெரியவே இல்லை. இப்போது அது கழுவி வைத்த சாம்பல் மாதிரி இருந்தது.

"நான் எப்பவும் இப்படித்தான் இருந்தேன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்" என்றது சின்னக் குரலில். அன்று அது துண்டை ஒன்றும் சொல்லவில்லை.

பீரோவுக்குப் பின்னால் துண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாமா என்று நினைத்தது. ஆனால் என்னவென்று சொல்வது? இருட்டில் நிறம் தெரியாது. மூன்று நாள் வெளிச்சத்தை அது நினைவில் வைத்திருந்தது. தன்னைத் தானே பார்த்ததில்லை. பெரிய சுவரைப் போலத் தானும் சாம்பலாகிப் போயிருந்தால்?

சனிக்கிழமை காலையில் சுபிதா பதினைந்தாவது சதுரத்தைப் பூசவில்லை. வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள்.

"முடியல அங்கிள். வெள்ளையே அடிச்சிரலாம்" என்றாள். முதல் வீடு வெள்ளையாக முடிகிறது. யாராவது கேட்டால் காட்டுவதற்கு அதில் அவளுடையது என்று ஒன்றும் இருக்காது.

ரெஜினாவுக்கு மனசு கேட்கவில்லை. "நீ என்ன செய்வே பிள்ள. ரெண்டு கிறுக்குங்க நடுவுல வந்து மாட்டிக்கிட்டே" என்று காபி கொடுத்தாள்.

பெயிண்டர் மாசிலாமணி மேஸ்திரி வெள்ளை வாளியைத் திறந்து, பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, பீரோவின் ஓரத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பீரோவை நகர்த்தணும்" என்றாள் சுபிதா.

"இதை எதுக்கும்மா நகர்த்திக்கிட்டு? யானை கனம் இருக்கு. எல்லா வீட்டுலயும் சுத்தித்தான் அடிப்போம். பின்னால யாரு எட்டிப் பாக்கப் போறா?"

"எனக்குத் தெரியுமே அண்ணாச்சி. வெள்ளைதான் அடிக்கோம்னாலும் முழுச் சுவருக்கும் அடிக்கணும். பீரோவைச் சுத்தி அடிச்சா அது நான் செஞ்ச வேலை இல்ல."

மேஸ்திரி கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் கைலியை மடித்துக் கட்டினார். "வாருமய்யா, பிடியும்" என்றார். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நான்கு பேரும் கைவைத்தார்கள்.

பீரோ அசையவில்லை. அது பின்னால் சாய்ந்து துண்டிடம் கேட்டது:

"சொல்லு, என்ன செய்ய? நான் காலை ஊணிக்கிட்டேன்னா இவங்க நாலு பேரு இல்ல, நாப்பது பேரு வந்தாலும் நகர்த்த முடியாது. சுத்தி அடிச்சிட்டுப் போயிருவாங்க. நீ இருக்கிறபடியே இருக்கலாம். யாரும் உன்னைத் தொட மாட்டாங்க. நகர்ந்தேன்னா, அடுத்த நிமிசமே உன் மேல வெள்ளை."

துண்டு யோசித்தது. மறைந்தே இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் யாருக்காகப் பிழைப்பது? பின்னலில் சாயத்தோடு சிரித்தவள் பீரோவுக்கு அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறாள். முப்பத்திரண்டு வருடமாக அவள் பீரோக் கதவைத் திறக்கும் சத்தம்தான் கேட்டிருக்கிறதே தவிர, அவள் முகத்தை அது பார்க்கவில்லை.

"சாம்பலா இருந்தாலும் இருந்துட்டுப் போகுது. நகரு" என்றது துண்டு.

பீரோ காலைத் தளர்த்தியது. கிறீச்சென்று ஒரு சத்தம். மூன்றடி தள்ளிப் போய் நின்றது.

வெளிச்சம் வந்து விழுந்தது.

மேஸ்திரியின் பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு வெள்ளை தரையில் விழுந்தது. வெளிறிப்போன சுவரின் நடுவே, பீரோவின் உருவத்தில், ஆறரைக்கு மூன்று, நேற்றுத்தான் பூசியது போல ஒரு நிறம் நின்றது. மயில் கழுத்தைத் திருப்பும்போது ஒரு கணம் வருமே, நீலம் பச்சைக்குள் போவதற்கு முன்னால், அந்த நிறம்.

துண்டுக்குக் கூச்சத்தில் எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. சுவர் எங்கே ஒளியும்?

கஸ்பார்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏட்டி... இது பச்சைதான் போல."

ரெஜினா இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். புறங்கையால் தொட்டாள். "இல்லங்க. நீலம்தான் இருக்கு. நீங்க சொன்னது சரிதான்."

"நீ சொன்னதுதான் சரி. பச்சை."

"நான்தான் நீலம்னு ஒத்துக்கிட்டேன்லா? இப்ப எதுக்கு மாத்திப் பேசுதிய?"

"உனக்காக ஒத்துக்கிட்டாலும் தப்பா?"

"முப்பத்திரண்டு வருசத்துல இப்பத்தான் ஒத்துக்கிட்டிருக்காரு, அதுவும் தப்பா ஒத்துக்கிட்டாரு" என்று ரெஜினா சுபிதாவிடம் முறையிட்டாள். சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவள் கை, நினைக்காமலே, பின்னல் இருந்த இடத்துக்குப் போனது. இப்போது அங்கே சின்னக் கொண்டைதான்.

சுபிதா ஷேடு கார்டை விரித்து வைத்து ஒவ்வொரு பக்கமாகத் துண்டின் மேல் பிடித்துப் பார்த்தாள். ஆயிரத்து எட்டும் முடிந்துவிட்டது. ஒன்றும் சேரவில்லை. ஷேடு கார்டு தன் ஓரத்தைத் தானே மடித்துக்கொண்டது.

"அண்ணாச்சி, கையாலயே கலக்கிருவோம். நீலமும் பச்சையும் எடுங்க" என்றாள் சுபிதா.

வெள்ளை வாளி திடுக்கிட்டது. "எனக்குள்ளயா கலக்கப் போறீங்க?"

"நீ இல்லாம எந்தக் கலரு வரும்? அன்னைக்கும் உன் சாதிக்காரன்தான் அடியில இருந்தான்" என்றது துண்டு. வாளி இதை எதிர்பார்க்கவில்லை. மூடியை ஓரமாக வைத்துவிட்டு அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

மேஸ்திரி நீலத்தையும் பச்சையையும் சாயப் புட்டியின் மூடியால் அளந்து வாளியில் ஊற்றினார். சுபிதா ஒவ்வொரு மூடியையும் எழுதிக்கொண்டாள். கலக்கியதும் ஒரு பொட்டு எடுத்துத் துண்டின் மேல் வைத்தாள். பொட்டு காய்ந்ததும் தனியாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மூடி பச்சை. இரண்டாவது பொட்டும் தெரிந்தது. மூன்று, நான்கு, ஐந்து. மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. நீலம் பதினொன்றும் பச்சை ஏழும் ஆனபோது ஆறாவது பொட்டை வைத்தாள். காயும்வரை நான்கு பேரும் ஊதினார்கள்.

காய்ந்ததும் பொட்டைக் காணவில்லை.

"எங்க வச்சேன்?" என்று சுபிதா தேடினாள். தேடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலைக்குள் பெரிய சுவர் முழுவதும் ஒரு கை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தபின் இரண்டாவது கை. பதினான்கு சதுரமும் மறைந்தன. துண்டின் மேலும் பூசினார்கள். தன் நிறத்தையே தன் மேல் வாங்கிக்கொண்டபோது, துண்டுக்குத் தன் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போயிற்று. பெரிய சுவர் மிகவும் தயங்கி, "நான் உன்னை என்னென்னவோ சொல்லியிருக்கேன்" என்றது.

"என்னை எங்க சொன்னே? உன்னைத்தான் சொல்லியிருக்கே. இப்போ எது நீ, எது நான்னு உனக்குத் தெரியுதா?" என்றது துண்டு.

மேஸ்திரி கோயில் வேலையை ஒரு வாரம் தள்ளிப்போட்டார். சமையலறை எலுமிச்சையானது. முன்னறை மாதுளம்பூவானது. பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரி, "எங்க வீட்டையும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ பிள்ள" என்று சுபிதாவைக் கையோடு கூட்டிப் போனாள். போகுமுன் சுபிதா அந்த நிறத்தில் ஒரு பொட்டை ஷேடு கார்டின் பின்னட்டையில் வைத்துக்கொண்டாள். நம்பர் எழுதவில்லை. ஷேடு கார்டும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் பீரோவை இடத்தில் வைக்க வந்தார்கள். துண்டு எண்ணிப் பார்த்தது. போன முறை மூன்று நாள் வெளிச்சம், இந்த முறை ஐந்து. இரண்டு நாள் லாபம்.

சுபிதாவின் வரைபடத்தில் பீரோ எதிர்ச்சுவரில் இருந்தது. கஸ்பார்தான், பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

பெரிய சுவருக்குப் பொறுக்கவில்லை. "பீரோ அண்ணே, கொஞ்சம் தள்ளி என் மேல சாஞ்சுக்கோயேன். அவன் கொஞ்ச நாளு வெளிச்சம் பாக்கட்டும்" என்று கெஞ்சியது.

"வேண்டாம் வேண்டாம், வழக்கமான இடத்துலயே நில்லு" என்றது துண்டு. "இவங்க ரெண்டு பேருக்கும் மறுபடியும் சண்டை வரும். சாட்சிக்கு ஒரு ஆளு வேண்டாமா?"