மருதியின் குட்டியும் முள்ளனின் குத்தும்

மலையடிவாரக் காட்டில், ஓடைக்கரை மரங்களில் ஒரு கருமந்திக் கூட்டம் வாழ்ந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. குட்டி பிறந்தால் அது தாயிடம் மட்டும் இருக்காது. சித்தி, அத்தை, பெரியம்மா என்று கை மாறிக்கொண்டே இருக்கும்.

ஐப்பசி மழையோடு அந்தக் காட்டுக்குச் சளிக்காய்ச்சலும் வரும். அதைத் தடுக்க, மழைக்கு முன்பே முள்ளன் என்ற முள்ளம்பன்றி வைத்தியர், பச்சிலைச் சாற்றில் தோய்த்த முள்ளால் வந்தவர்களுக்கெல்லாம் தொடையில் ஒரு குத்து குத்தி அனுப்புவார்.

மருதி என்ற மந்திக்கு அந்த வருஷம்தான் முதல் குட்டி பிறந்திருந்தது. குத்துத் தாங்காத பச்சைக் குட்டி. முந்தின மழையில் கூட்டம் இரண்டு குட்டிகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் மருதி குட்டியை மார்போடு இறுக்கிக்கொள்வாள்.

அவள் கொழுந்தன் தடியனுக்கோ எல்லாம் கேலிதான். "என்ன மதினி, போன வருஷம் குத்திக்கிட்டும் மூக்கு ஒழுகக் கிடந்தீங்களே. மறுபடியும் தொடையைக் காட்டப் போறீங்களா?"

கிளையெங்கும் சிரிப்பு. மருதி நேரே முள்ளனின் வளைக்குப் போய் அதையே கேட்டாள்.

முள்ளன் மழுப்பவில்லை. "வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன் தாயி. நல்ல வருஷத்தில் பத்துப் பேருக்கு வரவேண்டியது அஞ்சு பேருக்கு வரும். சில வருஷம் காய்ச்சல் வேஷம் மாத்திக்கிட்டு வந்து என்னையே ஏமாத்திடும். ஆனா வந்தாலும் பெரும்பாலும் லேசாப் போயிடும். பெருமழையில் மரத்தடியில் ஒதுங்கற மாதிரிதான். தூறல் படும், தெப்பமா நனைய மாட்டே."

போன வருஷக் குத்து போதாதா என்றாள் மருதி. காய்ச்சலும் மாறும், சாற்றின் வீரியமும் குறையும், ஆகவே வருஷா வருஷம் குத்திக்கொள்ள வரத்தான் வேண்டும் என்றார் அவர். குட்டிக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, அதைத் தூக்குகிறவர்கள் குத்திக்கொண்டால் அதுவே அதற்குக் காவல் என்றார்.

மருதி குத்திக்கொண்டு திரும்பினாள். "குத்திக்கிட்டவங்கதான் என் பிள்ளையைத் தூக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

கூட்டமே கொதித்தது. எந்தத் தாயும் அப்படிச் சொன்னதில்லை. அத்தைமாரில் மூத்தவளான பெரியத்தை முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். ஆனால் குட்டியைத் தூக்காமல் எத்தனை நாள் இருப்பது? ஒவ்வொருத்தியாக நழுவிப் போய், நொண்டிக்கொண்டு திரும்பினார்கள். கடைசியில் பெரியத்தையும் போனாள். தடியன் மட்டும் போகவில்லை.

மழை வந்தது. காய்ச்சலும் வந்தது. தடியன் கிளையைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கவட்டையில் சுருண்டான். அவன் மூச்சு இழுப்பது அடுத்த மரத்துக்குக் கேட்டது.

பிறகு ஒரு காலையில் மருதியே தும்மினாள்.

அவளுக்கு உயிரே போனது போலிருந்தது. குட்டியைச் சட்டென்று பெரியத்தையின் மடியில் போட்டுவிட்டுத் தனி மரத்துக்குப் போனாள். பால் கொடுக்க ஒரு சித்தி இருந்தாள். மருதியோ மழைச் சத்தத்துக்கு நடுவே குட்டி இருமுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தாள்.

இருமல் கேட்கவில்லை. அத்தைமாரில் ஒருத்திக்கு மூக்கு ஒழுகியது. அவளும் சொல்லாமலே விலகி உட்கார்ந்தாள். மற்றவர்கள் தேறியே இருந்தார்கள். மருதியின் காய்ச்சலும் லேசாகத் தலைகாட்டிவிட்டு இறங்கியது.

மருதி நன்றாகத் தேறிய பிறகு, வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள், பெரியத்தை குட்டியோடு வந்தாள்.

"இந்தா, உன் பிள்ளை. என் காதைக் கடிச்சே புண்ணாக்கிட்டான்."

மருதி குட்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மார்பில் காதை வைத்தாள். மூச்சு சுத்தமாக இருந்தது. அவள் சிரித்தாள், கண்ணிலும் நீர் வந்தது. தடியனும் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் தானாக ஒரு தளிர் பறித்துத் தின்ன வெகுநாள் ஆயிற்று. அதுவரை மருதிதான் பறித்துக் கொடுத்தாள்.

முழுக் காப்பு இல்லை என்பதற்காகக் கிடைக்கிற காப்பை உதறக் கூடாது. அது நம்மை மட்டுமல்ல, நம் கையில் இருக்கும் சிறு உயிரையும் காக்கிறது.